புதுச்சேரி மாதிரியும் தென்கிழக்குத் தாயகமும்

இலங்கை முஸ்லிம்களின் அரசியல் ஆவணங்களையும் அவற்றைப் பற்றிய ஆய்வுரைகளையும் படித்து வருவோர் ஒரு சொற்றொடரை அடிக்கடி சந்தித்திருப்பர். 'புதுச்சேரி மாதிரி' என்பதே அது. வடக்கிலும் கிழக்கிலும் ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறிக் கிடக்கும் முஸ்லிம் ஊர்களையெல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கொணர்ந்து, நிலத்தொடர்பற்ற ஒரு முஸ்லிம் பெரும்பான்மை மாகாண சபையை அமைக்க வேண்டும் என்பது ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் நெடுநாளைய கோரிக்கை. அது நடவாத காரியம் என்றவர்களுக்கு அக்கட்சியார் காட்டிய சான்று நம் புதுச்சேரி. புதுச்சேரியும் காரைக்காலும் மாஹேயும் ஏனாமும் தனித்தனித் துண்டுகளாய் இருந்தும் ஓர் ஆட்சியின் கீழ் வாழவில்லையா என்று அவர்கள் கேட்டனர்.

அத்துண்டுகளுள் ஒன்றின் வடகோடியில், மண்டபத்தூரில் இருந்துகொண்டு இதனை எழுதுகிறோம். நந்தலாற்றைக் கடந்தால் நமக்குத் தமிழ்நாடு. இன்னும் சற்றுப் போனால் டேனியர் கோட்டை கட்டிய தரங்கம்பாடி. ஆகவே, இம்மாதிரியைப் பற்றி ஏட்டறிவுக்கு மேலாகவும் சிறிது சொல்ல நமக்கு உரிமை உண்டு என்று கருதுகிறோம்.

முதலில் கோரிக்கையின் பின்னணியை நேர்மையாக எடுத்துரைத்தல் வேண்டும். அதனை வெறும் பதவி ஆசை என்று ஒதுக்குவோர் 1990ஆம் ஆண்டை மறந்தவர்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள், காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதாயினர். சில நாட்களில் ஏறாவூரிலும் அதே கொடுமை. அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேறுமாறு விடுதலைப் புலிகளால் பணிக்கப்பட்டனர். வடமாகாணம் முழுவதிலுமிருந்து துரத்தப்பட்டோர் 70,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பகுதியினர் புத்தளத்து அகதி முகாம்களில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்தனர். தம் தாய்மொழியைப் பேசுவோராலேயே துரத்தப்பட்ட ஒரு சமூகம், 'எங்களுக்கென்று ஒரு நிலம் வேண்டும்' என்று கேட்பதில் வியப்பில்லை.

அச்சம் அதற்கு முன்பே முளைத்திருந்தது. 1987 ஜூலை 29ஆம் நாள் கையெழுத்தான இந்திய - இலங்கை ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் ஒரே மாகாணமாக இணைத்தது. கிழக்கில் மூன்றில் ஒரு பங்கினராய் இருந்த முஸ்லிம்கள், இணைந்த மாகாணத்தில் ஆறில் ஒரு பங்கினர் ஆயினர். ஒப்பந்தம் செய்த இரு நாட்டு அரசுகளும் அவர்களை ஒரு சொல் கேட்கவில்லை. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்கள் அதற்கு முன் தமிழர் விடுதலைக் கூட்டணியின் மேடைகளில் தமிழருக்காகக் குரல் கொடுத்தவர். 1977 தேர்தலில் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி அக்கூட்டணியோடு சேர்ந்தே நின்றது. அவரே பின்னர் முஸ்லிம் காங்கிரஸைக் கட்டி வளர்த்து, 1988இல் இணைந்த மாகாண சபையில் 17 இடங்களை வென்றார். தமிழ்த் தேசியம் தன் கையிலிருந்து நழுவவிட்ட மனிதர் அவர் என்றே நாம் மதிப்பிடுகிறோம்.

'தாயகம்' என்னும் சொல்லை இனிச் சற்று ஆராய்வோம். இக்கோரிக்கையின் உயிர் அச்சொல்லில்தான் இருக்கிறது. 2003 ஜனவரி 29ஆம் நாள், தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்திருக்கும் ஒலுவிலில் திரண்ட பெருங்கூட்டத்தில் வெளியிடப்பட்ட ஒலுவில் பிரகடனம், முஸ்லிம்கள் ஒரு தனித் தேசியம் என்றும், அவர்களுக்கென மரபுவழித் தாயகம் உண்டு என்றும், சுயநிர்ணய உரிமை உண்டு என்றும் சாற்றியது. கருத்திலும் சொல்லிலும் அது 1976 மே 14ஆம் நாளின் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் வார்ப்பு. தமிழரின் அச்சை வாங்கி முஸ்லிம்களின் மாவை அதில் இட்டிருக்கிறார்கள். அந்த அச்சு நம் மாவுக்குப் பொருந்துமா என்ற கேள்வியை அக்கூட்டத்தில் எவரேனும் எழுப்பியிருந்தால், அவர் குரல் ஆரவாரத்தில் அமுங்கிப் போயிருக்கும்.

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு 'வதன்' என்னும் அரபுச் சொல் பயணத் தொழுகையின் பாடத்தில் அறிமுகமாகும். ஹனபி மத்ஹபின் சட்ட அறிஞர்கள் வதனை மூவகையாகப் பிரிப்பர்: ஒருவர் பிறந்தோ, குடும்பத்தோடு நிலைத்தோ வாழும் ஊர் வதன் அஸ்லீ, பதினைந்து நாட்களோ அதற்கு மேலோ தங்க நாடிய ஊர் வதன் இகாமத், அதற்குக் குறைவாகத் தங்குமிடம் வதன் சுக்னா. ஒருவருக்கு இரண்டு ஊர்களில் குடும்பம் இருக்குமாயின், இரண்டும் அவருக்கு வதன் அஸ்லீயே என்பதையும் அவர்கள் ஒப்பியுள்ளனர். நம் கடற்கரை ஊர்களிலிருந்து கொழும்புக்கும் மலாயாவுக்கும் போய்வந்த வணிகக் குடும்பங்களுக்கு இச்சட்டம் எவ்வளவு பொருந்தி வந்தது என்பதை முதியோர் அறிவர். ஷாஃபிஈ மத்ஹபிலோ ஜும்ஆவுக்கு நாற்பது பேர் வேண்டும். அவர்கள் அவ்வூரில் நிலைகொண்ட 'முஸ்தவ்தின்'களாய் இருத்தல் வேண்டும்.

இவற்றிலெல்லாம் வதன் என்பது ஒரு மனிதனுக்கும் ஓர் ஊருக்கும் உள்ள உறவு. ஓர் இனத்துக்கும் ஒரு வரைபடத்துக்கும் உள்ள உறவாக அதை எந்த இமாமும் எழுதவில்லை. தேசம் என்ற பொருள் அச்சொல்லின் மேல் ஏறியது பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஐரோப்பாவின் பாதிப்பால். நாட்டை நேசிப்பது ஈமானைச் சேர்ந்தது என்ற கருத்துடைய வாசகத்தை நம் மேடைப் பேச்சாளர்கள் ஹதீஸ் என்று முழங்குவதுண்டு. அது இட்டுக்கட்டப்பட்டது என்று ஸகானீ போன்ற ஹதீஸ் கலை அறிஞர்கள் என்றோ தீர்ப்பளித்துவிட்டனர். (மேடைக்குக் கிதாபு தேவைப்படுவதில்லை போலும்.)

இந்த வேறுபாட்டைச் சொல் விளையாட்டு என்று எண்ணிவிடலாகாது. தாயகம் மனிதனுக்கும் ஊருக்கும் உள்ள உறவென்றால், யாழ்ப்பாணத்து முஸ்லிமின் தாயகம் யாழ்ப்பாணமே. அவனைத் துரத்தியது அநீதி. அவனை அங்கே திரும்பக் குடியேற்றுவது நீதி. ஹனபிச் சட்டப்படி ஒருவனுடைய வதன் அஸ்லீ, அவனாக விரும்பி வேறோர் ஊரை வதன் அஸ்லீயாக ஆக்கிக்கொண்டால் அன்றி அழிவதில்லை. புத்தளத்து முகாமில் எத்தனை ஆண்டு கிடந்தாலும், திரும்பும் எண்ணம் உள்ளவரை அவன் யாழ்ப்பாணத்தவன்தான். தாயகம் இனத்துக்கும் வரைபடத்துக்கும் உள்ள உறவென்றாலோ, கதையே மாறிவிடுகிறது. கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் ஆகிய மூன்று தொகுதிகள் முஸ்லிம்களின் தாயகம் எனில், யாழ்ப்பாணம் வேறொருவரின் தாயகமாகிவிடும். துரத்தியவர்கள் சொன்னதும் அதுவே அல்லவா?

இதற்கு இணையான ஓர் உலக உதாரணம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி சரிந்தபோது, அதுவரை ஆண்ட ஆப்ரிகானர் எனும் டச்சு வம்சாவளி வெள்ளையருள் ஒரு சாரார் தமக்கெனத் தன்னாட்சித் தாயகம் கேட்டனர். 1990 டிசம்பரில் காரல் போஷாஃப் தலைமையில் சில குடும்பங்கள், ஆரஞ்சு ஆற்றங்கரையில், நீர்த்திட்டப் பணியாளருக்காகக் கட்டப்பட்டுக் கைவிடப்பட்டிருந்த ஒரானியா என்ற ஊரையே விலைக்கு வாங்கின. 1994 ஏப்ரல் 23ஆம் நாள், தேர்தலுக்குச் சில நாட்களே இருந்த நிலையில், ஜெனரல் கான்ஸ்டன்ட் ஃபில்யூன் அவர்களின் கட்சியோடு ஓர் உடன்பாடு கையெழுத்தாயிற்று. தாயகத்தை ஆராய 20 பேர் கொண்ட குழு அமைந்தது. 1999இல் அது கலைந்தது. 1996 அரசியல் சட்டத்தின் 235ஆம் பிரிவு, பண்பாட்டு மொழிச் சமூகங்களின் சுயநிர்ணயத்துக்குக் கதவைச் சற்றே திறந்து வைத்திருக்கிறது. ஆயினும் விளைந்தது என்ன? ஆப்ரிகானர் இருபத்தைந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர். ஒரானியாவில் வாழ்வோர் சில ஆயிரவர். அவர்கள் பெரும்பான்மையாய் வாழும் மாகாணம் எதுவும் அந்நாட்டில் இல்லை. நாடெங்கும் பரவி வாழும் சமூகத்துக்கு ஒரு மூலையில் தாயகம் வரைந்தால், அச்சமூகத்தில் பெரும்பாலோர் தம் சொந்த ஊரிலேயே அந்நியராவர் என்பதை அவர்களுள் அறிவாளிகள் எளிதில் கண்டுகொண்டனர்.

இலங்கை முஸ்லிம்களுள் கிழக்கில் வாழ்வோர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. மற்றையோர் கொழும்பிலும் கண்டியிலும் காலியிலும் புத்தளத்திலும் இன்னும் சிறு சிறு ஊர்களிலும் சிங்களவரிடையே கடை வைத்து வாழ்கிறார்கள்.

ஒப்பிட்டோம் என்பதற்காக இரண்டையும் ஒரே தட்டில் வைத்ததாகக் கொள்ளலாகாது. ஆப்ரிகானர் பிறரை ஒடுக்கி ஆண்டவர்கள். ஆட்சி போனபின் தாயகம் தேடினார்கள். இலங்கை முஸ்லிம்கள் எவரையும் ஆண்டதில்லை. அன்றியும் தென்னாப்பிரிக்காவில் 'தாயகம்' என்ற சொல்லே கறைபட்ட சொல். நாட்டின் பூர்வ குடிகளான கறுப்பின மக்களைக் குடியுரிமையிலிருந்து நீக்குவதற்காக வெள்ளையரசு வரைந்த ஒதுக்கிடங்களுக்கு வைத்த பெயர் அது. 1977இல் 'விடுதலை' அளிக்கப்பட்ட பொபுதட்ஸ்வானா ஒன்றோடொன்று ஒட்டாத பல துண்டுகளால் ஆனது. நிலத்தொடர்பற்ற ஆட்சிக்கு உலகில் உதாரணம் தேடியவர்கள் புதுச்சேரியைச் சொல்லிப் பொபுதட்ஸ்வானாவைச் சொல்லாமல் விட்டது ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இது நம் போன்றோருக்கு மிகவும் சுவையான செய்தி. ஆப்ரிகானர் தம் தாயகக் கோரிக்கைக்கு அடிப்படையாகக் காட்டுவது ஆஃப்ரிகான்ஸ் மொழி. அம்மொழியின் மிகப் பழைய நூல்களுள் ஒன்று எது தெரியுமா? உதுமானிய சுல்தானால் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பப்பட்ட குர்திய ஆலிம் அபூபக்கர் எஃபெந்தி அவர்கள், அங்கிருந்த அடிமை வழித்தோன்றல்களான முஸ்லிம்களுக்காக அரபு எழுத்தில் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் எழுதி, 1877இல் இஸ்தான்புல்லில் அச்சான 'பயானுத்தீன்' என்னும் மார்க்கச் சட்ட நூல். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816 - 1898) அரபுத்தமிழில் 'ஃபத்ஹுத் தய்யான்' என்னும் சட்ட நூலை யாத்ததும் அதே நூற்றாண்டில்தான். இலங்கைக் கரையோரம் முழுதும் அந்நூல் ஓதப்பட்டது. இன்று ஆஃப்ரிகான்ஸைத் தாய்மொழியாகப் பேசுவோருள் பெரும்பாலோர் வெள்ளையரல்லர். மொழியை வேலியாக நட்டவர்கள், வேலிக்கு அப்பால்தான் அம்மொழியின் பெரும்பகுதி இருக்கிறது என்பதைப் பார்க்கவில்லை.

இலங்கையில் இப்பிழையை இரு தரப்பாரும் செய்தனர். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என்று ஆசியக் கழகத்தில் கட்டுரை படித்தார். முஸ்லிம்களுக்குச் சட்டசபையில் தனிப் பிரதிநிதித்துவம் கிடைப்பதா என்ற கேள்வி அப்போது எழுந்திருந்தது. மறு ஆண்டே அது கிடைத்தும்விட்டது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அக்கட்டுரைக்கு மறுப்பு வெளியிட்டு அரபு வம்சாவளியை நிலைநாட்ட முயன்றார். ஒருவர் மொழியைக் கயிறாக்கி இழுத்தார். மற்றவர் அதைக் கழற்றி வைக்கக்கூடிய சட்டையாகக் கருதினார். இவர்கள் வாதிட்டதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அறிஞர் சித்திலெவ்வை 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கி (1882), 'அசன்பே சரித்திரம்' என்னும் புதினத்தையும் (1885) தமிழில் எழுதிவிட்டிருந்தார். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது, அதற்காக 'புத்தரின் படுகொலை' என்னும் கவிதையை எழுதியவர் கல்முனைப் பகுதியைச் சேர்ந்த எம்.ஏ. நுஃமான். இராமநாதனின் கட்டுரையும் அஸீஸின் மறுப்பும் இவ்விரு செயல்களையும் விளக்கமாட்டா.

இனி நம் மாதிரிக்கு வருவோம். புதுச்சேரி ஒன்றியப் பகுதி எந்தச் சமூகத்துக்கும் தாயகமாக அமைந்ததன்று. பிரெஞ்சுக்காரர் வாணிபத்துக்கும் பேரத்துக்கும் இடையில் வாங்கிச் சேர்த்த துண்டுகள் இவை. காரைக்கால் 1739இல் அவர் கைக்கு வந்தது. மாஹே மலையாளம் பேசுகிறது. ஏனாம் தெலுங்கு பேசுகிறது. 1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் வாக்களித்த 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவோடு இணைய இசைந்தனர். 1956இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில், இப்பகுதிகளின் நிலையை மாற்றுவதாயின் மக்களின் கருத்தை அறிந்தே மாற்ற வேண்டும் என்ற வாசகம் உண்டு. பிரான்சு என்னும் வல்லரசு கையெழுத்திட்ட அத்தாள்தான் நம் காப்பு. 1979இல் நம்மை அண்டை மாநிலங்களோடு இணைக்கும் பேச்சு தில்லியில் எழுந்தபோது, இங்கே கலவரம் மூண்டு உயிர்ச்சேதமும் ஏற்பட்டது, பேச்சு நின்றது. காத்தான்குடிக்கும் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் எந்த வல்லரசு கையெழுத்திட்டுக் கொடுக்கும்?

அந்தக் காப்பு இருந்தும் துண்டின் வாழ்வு எப்படி என்பதையும் மாதிரி தேடுவோர் கேட்டறிந்திருக்க வேண்டும். காரைக்காலிலிருந்து தலைநகருக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். அவ்வழி முழுதும் வேறு மாநிலம். 30 உறுப்பினர் கொண்ட சட்டமன்றத்தில் காரைக்காலுக்கு 5 இடங்கள். மாஹேக்கும் ஏனாமுக்கும் ஒவ்வொன்று. நம் கோப்புகள் அங்கே போய்த் திரும்பும் காலத்தில் குறுவை அறுவடை முடிந்துவிடும் என்று விவசாயிகள் நகைப்பதுண்டு. காரைக்காலைத் தனி ஒன்றியப் பகுதியாக்குக என்ற குரலும் இங்கே எழுந்ததுண்டு. துண்டுக்குள்ளும் துண்டு கேட்கும் மனம் வந்துவிடுகிறது. வெளியூரார் நம்மை அறிந்திருப்பதோ, பெரும்பாலும் நாம் தொடாத ஒரு சரக்கின் விலை மலிவுக்காக.

எல்லாவற்றிலும் முக்கியமானது தண்ணீர். அரசலாறும் நாட்டாறும் திருமலைராயனாறும் நம்மிடம் வரும்போது காவிரி தன் பயணத்தையே முடித்திருக்கும். நடுவர் மன்றம் 2007இல் புதுச்சேரிக்கென ஒதுக்கிய 7 டி.எம்.சி. நீர், தமிழ்நாட்டு மதகுகளைக் கடந்தே வர வேண்டும். கர்நாடகத்திடம் நீர் கேட்கும் தமிழ்நாட்டிடம் நாம் நீர் கேட்கிறோம். சட்டமன்றமும் அமைச்சரவையும் நமக்கு உண்டு. மதகின் திறவுகோல் நம்மிடம் இல்லை. தென்கிழக்கு இலங்கையிலும் இதே நிலைதான். கல்ஓயாத் திட்டத்தின் சேனாநாயக்க சமுத்திரம் மேற்கே, சிங்களக் குடியேற்றங்களின் பக்கம் இருக்கிறது. கரையோரத்துத் தமிழ், முஸ்லிம் வயல்கள் அதன் கடைமடை. தென்கிழக்கு அலகு அமைந்திருந்தாலும் நெல்லுக்கு நீர் விடும் கை வேறாகவே இருந்திருக்கும். அண்டையாரோடு பகை இல்லாததால் நம் துண்டு பிழைத்திருக்கிறது. பகை மூண்ட இடத்தில் அதே துண்டு எப்படி இருக்கும் என்பதற்கு 1990இல் சாலை மறிக்கப்பட்டு நின்ற காத்தான்குடியே விடை.

கரையோர வரைபடத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வடக்கிலிருந்து இறங்கினால் பெரியநீலாவணை தமிழூர், மருதமுனை முஸ்லிம் ஊர், பாண்டிருப்பு தமிழூர், பிறகு கல்முனை, சாய்ந்தமருது, அடுத்து விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு, அதையடுத்து நிந்தவூர். சேலையின் கரைபோல் மாறி மாறி நெய்யப்பட்டிருக்கிறது. இதில் முஸ்லிம் இழையை மட்டும் உருவியெடுத்து ஒரு மாவட்டம் தைக்க முடியுமா? கல்முனைத் தமிழர் தமக்கெனத் தரமுயர்ந்த பிரதேச செயலகம் கேட்டு 2019இல் உண்ணாவிரதம் இருந்தனர். முஸ்லிம் அரசியலார் பலர் அதை எதிர்த்தனர். எதிர்த்தவர்களின் வாதங்கள், கொழும்பிலிருந்து முஸ்லிம் அலகை எதிர்த்தவர்களின் வாதங்களை அப்படியே ஒத்திருந்தன: நிர்வாகம் குலையும், நிலம் பறிபோகும், ஒற்றுமை கெடும். சிறுபான்மையின் வழக்கை வாதிடுவோர், தம் எல்லைக்குள் இருக்கும் சிறுபான்மைக்கு அவ்வழக்கை மறுத்தால் அதன் பெயர் உரிமைப் போராட்டமாகாது. இக்கோரிக்கையின் மீது நமக்குள்ள மிகக் கடுமையான குறை இதுவே.

அப்படியாயின் முஸ்லிம்கள் வாளாவிருக்க வேண்டுமா? அவ்வாறு நாம் சொல்லவில்லை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். நம் காரைக்கால் கரையையும் அதே அலை தாக்கியது. ஆயினும் 2005 ஜூனில் அரசும் புலிகளும் செய்துகொண்ட நிவாரண உடன்பாட்டில் முஸ்லிம்களுக்குக் கையெழுத்திடும் இடம் தரப்படவில்லை. ஆதலால் பேச்சுமேசையில் தனித் தரப்பாக அமர வேண்டும் என்ற கோரிக்கை முற்றிலும் நியாயமானது. அதற்கு நிலம் தேவையில்லை. 1951ஆம் ஆண்டின் விவாக, விவாகரத்துச் சட்டமும் காழி நீதிமன்றங்களும் முஸ்லிம் பாடசாலைகளும் காலி முஸ்லிமுக்கும் கல்முனை முஸ்லிமுக்கும் ஒன்றுபோல உரியவை. அவற்றின் குறைகளைக் களைவது வேறு கதை. அவை ஆளைத் தொடர்ந்து செல்லும் உரிமைகள். மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்தளித்த சாசனமும், யூதர் உள்ளிட்ட குலங்களுக்கு உரிமையும் கடமையும் குலத்துக்குக் குலம் வகுத்ததே அன்றி, நகரைக் கூறுபோட்டு ஆளுக்கொரு மூலை கொடுக்கவில்லை.

வடக்கு - கிழக்கு இணைப்பு செல்லாது என்று 2006 அக்டோபரில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு தொடக்கத்தில் கிழக்கு தனி மாகாணமாயிற்று. மூவினமும் கலந்த அம்மாகாணத்தில் 2012 முதல் 2015 வரை நஜீப் அப்துல் மஜீத் அவர்களும், பின்னர் 2017 வரை ஹாஃபிஸ் நஸீர் அஹமத் அவர்களும் முதலமைச்சர்களாய் இருந்தனர். தனித் தாயகம் எதுவும் வரையப்படாமலேயே இது நடந்தது. அதன் பின் பல ஆண்டுகள் மாகாண சபைகளுக்குத் தேர்தலே நடத்தப்படவில்லை. இதற்காகக் கூடிய கூட்டங்கள் ஒலுவிலில் கூடிய அளவுக்குப் பெரிதாக இருந்ததாக நாம் கேள்விப்படவில்லை.

இதற்கிடையே சாய்ந்தமருது மக்கள், கல்முனை மாநகர சபையில் தம் ஊர் புறக்கணிக்கப்படுகிறது என்று கூறித் தனி நகர சபை கேட்டு 2017இல் கடையடைத்தனர். கல்முனையும் முஸ்லிம் ஊர். சாய்ந்தமருதும் முஸ்லிம் ஊர். இடையில் ஆறு கூட இல்லை. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் அவ்வூர்ப் பெரிய பள்ளிவாசலின் ஆதரவு பெற்ற சுயேச்சைக் குழு, முஸ்லிம் காங்கிரஸை அங்கே தோற்கடித்தது. 2020 பிப்ரவரியில் தனி நகர சபைக்கான வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது. ஒரு வாரம் செல்வதற்குள் அது நிறுத்தி வைக்கப்பட்டது.